லிட்டில் மோர்ட்டன் ஹால்: கல் கூரையைச் சுமக்கும் மரச்சட்டகம்

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில், காங்கிள்டன் ஊரிலிருந்து தென்மேற்கே 7 கிலோமீட்டர் போனால், அகழி சூழ்ந்த ஒரு மரச்சட்டக வீட்டைப் பார்க்கலாம். லிட்டில் மோர்ட்டன் ஹால் என்று பெயர். 1504 வாக்கில் கட்டத் தொடங்கிய வீடு. கடைசிப் பெரிய பகுதியைச் சேர்த்தது 1610 வாக்கில். அதன் படத்தை முதல் முறை பார்க்கிறவர்களுக்குக் கேமராவைச் சாய்த்துப் பிடித்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். தெற்குப் பக்கத்தின் மேல்தளம் கீழ்த்தளங்களை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சட்டங்கள் வளைந்திருக்கின்றன, சன்னல் வரிசை அலைபோல ஏறி இறங்குகிறது. நேர்கோடு என்று சொல்ல அங்கே எதுவுமே கிடையாது.

பழைய வீடு, காலப்போக்கில் கோணிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது சரியான விளக்கம் இல்லை. இந்தக் கோணலுக்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. கட்டிக்கொண்டிருந்தபோதே எடுத்த ஒரு முடிவு அது. அதற்குப் பின் வந்த 400 ஆண்டுகளில் இந்த வீட்டில் நடந்த கட்டுமான வேலைகளில் முக்கியமான பல அந்த முடிவின் எடையைத் தாங்கிப் பிடிக்கச் செய்தவைதான். அது ஏன் வளைந்தது, ஏன் விழவில்லை, யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

சட்டகம் வேலை செய்யும் விதம்

வீட்டின் அடியில் தாழ்வான கல் அடித்தளம். அதன் மேல் படுக்கையாக ஓர் ஓக் அடிச்சட்டம். அதில் தூண்கள், தூண்களின் தலையில் உத்தரங்கள், இவை பக்கவாட்டில் சாயாமலிருக்க மூலைக்கு மூலை சாய்வுத் தாங்கிகள். மரம் மண்ணைத் தொடுவதில்லை. எடை முழுவதையும் சட்டகமே சுமக்கிறது. சட்டங்களுக்கு இடையிலுள்ள கட்டங்களை அந்தக் காலத்து வழக்கப்படி வரிச்சு கட்டி, மண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசி மூடுவார்கள். இந்த வீட்டில் சில கட்டங்களில் செங்கலும் இருக்கிறது. எதை வைத்து அடைத்தாலும் அந்தச் சுவர் சுமைதாங்கி இல்லை, வெறும் மறைப்பு. இப்படிப்பட்ட வீடுகளை ஒவ்வொரு தலைமுறையும் துணிந்து மாற்றிக் கட்டியதற்குக் காரணம் இதுதான். ஒரு கட்டத்தை உடைத்துச் சன்னல் வைக்கலாம், சன்னலை எடுத்துவிட்டுக் கதவு வைக்கலாம், வீடு அதைக் கண்டுகொள்ளாது. சட்டங்களில் கை வைக்காத வரை.

இன்னொன்று, இவர்கள் பயன்படுத்தியது பச்சை ஓக். வெட்டிய மரத்தை ஆண்டுக்கணக்கில் உலர்த்திவிட்டு வேலை செய்வது மேசை, அலமாரி செய்கிறவர்களின் வழக்கம். பெரிய சட்டகத்துக்கு அது ஒத்துவராது, ஓக் உலர்ந்துவிட்டால் உளியே இறங்காது. அதனால் ஈரம் காயாத மரத்திலேயே துளையும், அதற்குள் நுழையும் முனையான கழுந்தும் செதுக்கிப் பூட்டிவிடுவார்கள். இரும்பு ஆணி கிடையாது, மர முளைதான். அந்த முளை அடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிச்சட்டத்தில் போடும் துளைக்கும் கழுந்தில் போடும் துளைக்கும் வேண்டுமென்றே ஒரு மயிரிழை விலகல் விடுவார்கள். கழுந்தின் துளை தோள்பட்டைப் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் பக்கம், சற்று உள்ளே தள்ளியிருக்கும். நுனி சீவிய முளையை அடித்து இறக்கும்போது அது இரண்டு துளைகளையும் ஒரே நேர்க்கு இழுக்கப் பார்க்கும், மூட்டு இறுகிக்கொள்ளும். அடுத்த சில ஆண்டுகளில் மரம் உலர்ந்து அகலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. அப்போதும் அந்த முளை மூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பச்சை மரத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதன் மேல் நிரந்தரமாக எடை ஏற்றினால் முதல் நாள் ஒரு வளைவு வளையும். அதோடு நிற்காது. உலர உலர அதே எடைக்கு இன்னும் வளைந்துகொண்டே போகும், கடைசியில் அந்த வளைந்த வடிவத்திலேயே இறுகிவிடும். பின்னால் எடையை இறக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. லிட்டில் மோர்ட்டன் ஹாலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்று தலைமுறை, ஒரு முற்றம்

மோர்ட்டன்கள் நிலக்கிழார் குடும்பம். 1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பின் விலை சரிந்து கிடந்த நிலங்களை வாங்கிச் சேர்த்தும் வளர்ந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களிடம் 1,360 ஏக்கர் இருந்தது. மாவு ஆலை, பழத்தோட்டங்கள், தண்ணீரால் ஓடும் சம்மட்டிகள் வைத்த இரும்பு உலை எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு வசதி வந்தபின் அது வீட்டில் தெரிய வேண்டாமா? சுற்றியுள்ள 33 அடி அகல அகழியே அதற்கு முன்பே வெட்டியதுதான். எதிரியைத் தடுப்பதைவிட அந்தஸ்தைக் காட்டுவதே அதன் வேலை.

முதல் வில்லியம் மோர்ட்டன் கட்டியது பெருங்கூடமும் கிழக்குப் பகுதியின் வடபாதியும், 1504 முதல் 1508 வரை. பெருங்கூடம் கூரை வரை திறந்த உயரமான ஒற்றை அறை. வளைவுத் தாங்கிகள் வைத்த கூரைச் சட்டங்களில் பறவைநாகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இன்று கல் பாவிய தரை அந்தக் காலத்தில் கோரைப்புல் பரப்பிய மண்தரையாகவும், நடுவில் அடுப்பாகவும் இருந்திருக்க வேண்டும். 1546இல் அவருடைய மகன், இரண்டாம் வில்லியம், மேற்கே சமையல்கட்டுப் பகுதியைத் திருப்பிக் கட்டினார்.

அப்புறம் 1559. அந்த ஆண்டில் நடந்ததை நான் இந்த வீட்டின் முதல் பெரிய தலையீடாகக் கருதுகிறேன். இரண்டாம் வில்லியம் பெருங்கூடத்தின் நடு உயரத்தில் ஒரு தளம் போட்டு, ஒரு அறையை மேலும் கீழுமாக இரண்டு அறைகளாக்கினார். கூரை வரை திறந்த கூடத்தைச் சூடாக வைப்பது கடினம், மேலே ஒரு நல்ல அறையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் தளம் போட்டால் மேலும் கீழும் வெளிச்சம் வேண்டும். அதற்காக முற்றத்தைப் பார்த்தபடி இரண்டடுக்குப் பெருஞ்சன்னல்கள் இரண்டைக் கட்டினார்கள். ஒன்று கூடத்துக்கு, மற்றது பக்கத்து அறைக்கு. இரண்டும் சுவரிலிருந்து புடைத்து வெளியே வருகின்றன. இடம் குறுகல், ஆசை பெரிது. இரண்டின் கூரைகளும் மேலே முட்டிக்கொண்டு நிற்கின்றன. திட்டம் போட்டுக் கட்டிய வீட்டில் இப்படி நடக்காது. இருக்கிற வீட்டின் மேல் ஆசையை ஏற்றி வைக்கும்போதுதான் நடக்கும்.

அந்தச் சன்னல்களின் மேல் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. எல்லாவற்றிலும் எல்லாமாக இருப்பவர் கடவுள், இந்தச் சன்னல்களை வில்லியம் மோர்ட்டன் 1559இல் செய்வித்தார் என்று. அதோடு இன்னொரு வரி: கடவுள் அருளால் இந்தச் சன்னல்களைச் செய்தவர் தச்சர் ரிச்சர்ட் டேல். செலவழித்தவர் பெயருக்குப் பக்கத்தில் செய்தவர் பெயரும் வீட்டின் முகப்பிலேயே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அக்காலத்துத் தச்சர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவே இல்லை.

அன்று போட்ட நடுத்தளம் இன்று இல்லை. பின்னால் அகற்றிவிட்டார்கள், கூடம் மறுபடி கூரை வரை திறந்திருக்கிறது. மேலடுக்குச் சன்னல் மட்டும் தங்கிவிட்டது. இல்லாத ஓர் அறைக்கு அது வெளிச்சம் தந்துகொண்டிருக்கிறது.

மேலே ஏற்றிய நெடுங்கூடம்

இரண்டாம் வில்லியத்தின் மகன் ஜான், 1560 முதல் 1562 வரை தெற்குப் பகுதியைக் கட்டினார். அகழியின் பாலத்தைத் தாண்டியதும் வரும் வாசல் இதில்தான். தரைத்தளத்தைவிட முதல் மாடியும், முதல் மாடியைவிட அதற்கு மேலுள்ளதும் வெளியே துருத்தி நிற்கும். துருத்தல் வெறும் அலங்காரம் இல்லை. தளத்தின் விட்டங்கள் சுவரைத் தாண்டி நீண்டு, அந்த நீட்டிய முனையில் மேல்சுவரின் எடை உட்காரும்போது, விட்டத்தின் நடுப்பகுதி தொய்வதை அது ஓரளவு தூக்கிப் பிடிக்கும். இந்த வட்டாரத் தச்சர்களுக்குக் கைவந்த கணக்கு இது.

இரண்டு தளங்களோடு நின்றிருந்தால் தெற்குப் பகுதி சராசரியான, உறுதியான ஒரு கட்டடமாக இருந்திருக்கும். ஆனால் வேலை தொடங்கிய பிறகு மூன்றாவதாக ஒரு தளத்தைச் சேர்த்ததாகவே தெரிகிறது. அதுதான் லாங் கேலரி எனும் நெடுங்கூடம். 68 அடி நீளம், அதாவது 21 மீட்டர். பகுதியின் முழு நீளத்துக்கும் ஓடும் ஒரே அறை. எலிசபெத் அரசியின் காலத்தில் பணமுள்ள வீடுகளில் இப்படி ஓர் அறை இருப்பது புது நாகரிகம். மழை நாளில் நடக்கவும் விளையாடவும் அது பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த டென்னிஸ் பந்துகள் நான்கு, அங்கே சுவர்ப்பலகைக்குப் பின்னால் அகப்பட்டிருக்கின்றன. யாரோ அடித்த பந்து பலகை இடுக்கில் விழுந்துவிட, எடுக்க முடியாமல் விட்டிருப்பார்கள்.

இந்த அறையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். நீளவாட்டில் இரு பக்கமும் ஏறக்குறைய தொடர்ச்சியாகச் சன்னல்கள். வீடு முழுக்க ஈயப்பட்டையில் கோத்த சிறு கண்ணாடித் துண்டுகள் சுமார் 30,000 இருக்கின்றன, அதில் நல்ல பங்கு இங்கே. சன்னல் வைத்த இடத்தில் சாய்வுத் தாங்கி வைக்க முடியாது. ஆகவே, பக்கவாட்டு விசையை எதிர்க்கும் வலிமை எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது மிகக் குறைவு. இந்தக் கண்ணாடிச் சுவர்களின் மேல் அவர்கள் வைத்தது வைக்கோல் கூரை இல்லை. கனமான மணற்கல் பலகைகள்.

கூரையின் அமைப்பும் உதவவில்லை. வளைவுத் தாங்கி வைத்த கூரைச் சட்டம் பார்க்க அழகு, கீழே குறுக்கு உத்தரம் இல்லாததால் அறை திறந்து உயரமாகத் தெரியும். ஆனால் இரு பக்கக் கைமரங்களும் கீழ்முனையில் வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்துக்கொள்ள இரு சுவர்களையும் இணைக்கும் ஒரு கட்டு வேண்டும். அது இல்லையென்றால் சுவரே எதிர்த்து நிற்க வேண்டும். சுவர் என்று அங்கே இருப்பதோ சன்னல்கள்.

விளைவு மூன்று விதமாக வந்தது. கூரையின் தள்ளலில் நெடுங்கூடத்தின் சுவர்கள் ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு கோணத்தில் வெளியே சாய்ந்தன. கல்லின் எடை கீழே இறங்கி, இந்தச் சுமைக்கென்று திட்டமிடாத தளங்களைத் தொய்ய வைத்தது. அடியில் தூணோ சுவரோ இருந்த இடங்கள் உயரமாகவே நின்றன, இல்லாத இடங்கள் தாழ்ந்தன. நெடுங்கூடத்தின் அகலமான தரைப்பலகைகள் இன்று அலையலையாக இருப்பது இதனால்தான். அந்தத் தரையின் மேடும் பள்ளமும் கீழேயுள்ள தாங்கல்களின் வரைபடம் என்றே சொல்லலாம்.

கூடத்தின் இரு முனைகளிலும் மேலே சுண்ணாம்புச் சுதையில் செய்த இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று விதி, அதை ஆள்வது அறிவு. மற்றது அதிர்ஷ்டத்தின் சக்கரம், அதை ஆள்வது அறியாமை. கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் 1556இல் வெளியிட்ட அறிவின் கோட்டை என்ற நூலிலிருந்து எடுத்த படங்கள் அவை. நூல் வந்து சில ஆண்டுகளே ஆன நிலையில் அதை வீட்டின் உச்சியில் ஏற்றியிருக்கிறார்கள். புதுமையில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த மோகம் இதிலும் தெரிகிறது.

பிடித்து நிறுத்திய கைகள்

முதல் மருந்து 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டதாகத் தெரிகிறது. நெடுங்கூடத்தின் கூரைச் சட்டங்களுக்கு இடையே குறுக்கு உத்தரங்கள் போட்டார்கள். மேலே சொன்ன, இல்லாத அந்தக் கட்டு இதுதான். அறையின் திறந்த உயரம் கொஞ்சம் கெட்டது, ஆனால் சுவர்கள் மேலும் விரிவது மட்டுப்பட்டது. போட்ட தச்சருக்குச் சிக்கலின் வேர் சரியாகவே பிடிபட்டிருக்கிறது. தரையை நிமிர்த்தவோ சாய்ந்த சுவரை இழுத்து நேராக்கவோ முயன்றதாகத் தெரியவில்லை, இனி நகராதபடி பிடித்தார், அவ்வளவுதான். பிறகு வேறு ஒரு காலத்தில் சில இடங்களில் செங்கல் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் குடும்பத்தின் நிலைமை இறங்கியது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மோர்ட்டன்கள் அரசர் பக்கம். 1643இல் நாடாளுமன்றத் தரப்பு வீட்டைப் பறித்துப் படைவீரர்களைத் தங்கவைத்தது. வீடு திரும்பக் கிடைத்தது, கடன் போகவில்லை. 1654இல் மூன்றாம் வில்லியம் இறந்தபோது 3,000 முதல் 4,000 பவுன் வரை கடன். பிள்ளைகள் ஆன், ஜேன், பிலிப் மூவரும் வீட்டை மூன்று குடித்தனமாகப் பிரித்துக்கொண்டார்கள். 1670களின் முடிவுக்குள் குடும்பமே வெளியேறிவிட்டது. விவசாயக் குத்தகைதாரர்கள் குடிவந்தார்கள்.

இந்த வறுமைதான் வீட்டைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் பணம் இருந்த குடும்பங்கள் இதைப்போன்ற மர வீடுகளை இடித்துச் செங்கல்லில் கட்டினார்கள், அல்லது முன்பக்கம் செங்கல் சுவர் எழுப்பி மரத்தை மறைத்தார்கள். இங்கே அதற்குக் காசு இல்லை. ஒரு சிற்றறையில் மரப்பலகை அடித்தார்கள், அவ்வளவே. ஆனால் வறுமையின் கேடும் சேர்ந்தே வந்தது. 1847 வாக்கில் வீட்டின் பெரும்பகுதி காலி, வழிபாட்டு அறை நிலக்கரிக் கிடங்கு, சன்னல்களில் பலகை அடித்திருந்தது, கூரை மக்கியிருந்தது. ஓக் எடையைத் தாங்கும், ஒழுகும் கூரையைத் தாங்காது. இன்னும் கொஞ்ச காலம் அப்படியே விட்டிருந்தால் ஆய்வு செய்ய எதுவும் மிஞ்சியிருக்காது.

1892இல் வீடு எலிசபெத் மோர்ட்டன் கைக்கு வந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபைத் துறவி அவர். நிலக்கரியை அகற்றி வழிபாட்டு அறையை மீட்டவர் அவர்தான். நெடுங்கூடத்தில் இன்று இருக்கும் எஃகுக் கம்பிகளையும் அவரே போட்டிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. 17ஆம் நூற்றாண்டுக் குறுக்கு உத்தரங்கள் செய்த அதே வேலையைத்தான் எஃகும் செய்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. மர உத்தரத்தை இழுத்தால் மூட்டில் உள்ள முளைதான் இழுவையைத் தாங்க வேண்டும், அங்கேதான் அது பலவீனம். எஃகுக் கம்பிக்கு இழுவை பெரிய விஷயமே இல்லை. எடுத்துவிட வேண்டுமென்றால் மரத்தை வெட்டாமல் எடுத்தும்விடலாம். இந்த வீட்டில் நடந்த தலையீடுகளிலேயே மிகச் சிக்கனமானது இதுதான் என்பேன்.

விற்கவே கூடாது என்ற நிபந்தனையோடு 1912இல் வீடு அவருடைய உறவினர், டர்பி ஆயர் (பிஷப்) சார்லஸ் ஆப்ரகாமிடம் போனது. அவர் பராமரிப்பைத் தொடர்ந்தார். 1938இல் அவரும் அவர் மகனும் வீட்டை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

1977இல் தெற்குப் பகுதிக் கூரையின் கல் பலகைகள் பிடிமானம் இழந்துவிட்டது தெரியவந்தது. 400 ஆண்டுகளாக எல்லாக் கோணலுக்கும் காரணமான அதே கற்கள். ஆறு கட்டங்களாகச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. கல்லை எடுத்துவிட்டு இலேசான கூரை போட்டிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மரம் இந்த எடைக்கு வளைந்து, வளைந்த நிலையில் இறுகி, மூட்டுகள் அதற்கேற்ப உட்கார்ந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எடையை எடுத்தால் தரை நிமிராது. வீட்டின் தோற்றம் மட்டும் போய்விடும்.

எதை மீட்பது, எதை விடுவது

1976இல் அந்தச் சிற்றறையின் 18ஆம் நூற்றாண்டுப் பலகைக்குப் பின்னால் பழைய சுவர் ஓவியம் வெளிப்பட்டது. சிலவற்றை நேரடியாகச் சுண்ணாம்பின் மேலும், சிலவற்றைக் காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டியும் செய்திருக்கிறார்கள். சூசன்னாவும் முதியோரும் என்ற விவிலியக் கதை ஓடுகிறது. வரைந்த கை அவ்வளவு தேர்ந்த கை இல்லை. ஆனாலும் பழைய பலகை செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும். அது மூடிவைத்ததால்தான் ஓவியம் தப்பியது.

வெளியே வண்ண விஷயம் வேறு மாதிரி. எல்லோரும் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைத் தோற்றம் 16ஆம் நூற்றாண்டினுடையது அல்ல, விக்டோரியா காலத்து நாகரிகம். ஆரம்பத்தில் ஓக்குக்கு எதுவும் பூசாமல் விட்டிருப்பார்கள், அது தானாக வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். இடையிலுள்ள சுவர்க்கட்டங்கள் காவி மஞ்சளாக இருந்திருக்கும். கறுப்பை முழுக்கச் சுரண்டி எடுத்து 1562க்குப் போய்விடலாம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுரண்டினால் மரத்தின் மேல்தோலும் உளித் தடங்களும் சேர்ந்து போகும்.

சீரமைப்பில் புதிதாக வைத்த ஓக் சட்டங்களுக்குக் கறுப்புப் பூசவில்லை. இயல்பு நிறத்திலேயே விட்டிருக்கிறார்கள். கறுத்த சட்டங்களுக்கு நடுவே வெளுத்த ஒரு துண்டைப் பார்த்தால், அங்கே பழைய மரம் மக்கி மாற்று மரம் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் புரியும். அடுத்த முறை சாரம் கட்டி ஏறப்போகிற தச்சருக்கும் எது எந்தக் காலத்து வேலை என்று கேட்காமலே தெரியும்.